பாதி தெரிந்த கேள்விகளும் இன்னும் வராத ரிசல்ட்டும்

போட்டித் தேர்வுக்குப் படிக்க ஆரம்பிப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "எவ்வளவு படித்தால் பாஸ் ஆகலாம்?" என்றுதான். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. வினாத்தாள் எப்படி வரும், எத்தனை பேர் எழுதுவார்கள், கட் ஆஃப் எங்கே போய் நிற்கும், அன்றைக்கு உடம்பு ஒத்துழைக்குமா, எதுவுமே முன்கூட்டித் தெரியாது. இப்படிப்பட்ட தேர்வுகளோடு சில வருடங்கள் கழித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: இந்த நிச்சயமின்மை தீரட்டும், அப்புறம் நிம்மதியாகப் படிக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. அதை வைத்துக்கொண்டேதான் படிக்க வேண்டும், எழுத வேண்டும். நல்லவேளையாக, அதைப் பழகிக்கொள்ள முடியும்.

முதலில் படிப்பு. ஒரு பாடத்தை நாலு முறை வாசித்தால் மனசுக்குத் தெம்பாக இருக்கும். பக்கத்தைப் பார்த்ததுமே எல்லாம் தெரிந்த மாதிரி தோன்றும். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்தால் அந்தத் தெம்பு போய்விடும். பாதி வராது, வந்ததும் சரியா என்று சந்தேகமாக இருக்கும். ஆனால் இரண்டாவது வழிதான் நிற்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது அவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். ஆகவே ரிவிஷன் செய்யும்போது தடுமாற்றமாக இருந்தால் பயப்பட வேண்டாம். அந்தத் தடுமாற்றத்தோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் பாடம் உள்ளே இறங்குகிறது.

அடுத்தது தேர்வறை. நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். எவ்வளவு படித்தவராக இருந்தாலும் வினாத்தாளில் ஒரு பகுதி பாதிதான் தெரியும். நான்கு விடைகளில் இரண்டு நிச்சயம் இல்லை என்று தெரியும். மீதி இரண்டில் எது என்று தெரியாது. நெகட்டிவ் மார்க் இருக்கிறதே என்று பலர் அங்கே கையை இழுத்துக்கொள்கிறார்கள். சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுமே தெரியாமல் குறித்தால் சராசரி லாபம் பூஜ்யம். ஒரு விடையை நீக்க முடிந்தால் கேள்விக்கு ஒன்பதில் ஒரு பங்கு மதிப்பெண் லாபம். இரண்டை நீக்க முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு. அப்படி 25 கேள்விகள் இருந்தால் சராசரியாக 8 மதிப்பெண்ணுக்கு மேல் கிடைக்கும். கட் ஆஃப் அரை மதிப்பெண்ணில் தப்பும் தேர்வுகளில் 8 என்பது பெரிய விஷயம்.

"சராசரி சரி, எனக்கு மட்டும் மோசமாக அமைந்தால்?" நியாயமான கேள்வி. அந்த 25-இல் வெறும் 6 மட்டும் சரியாகி 19 தப்பினாலும், மொத்தத்தில் கையைவிட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்தான். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள 25 கேள்விகளில் 6-க்கு மேல் சரியாகாமல் போவது நூற்றில் ஒரு தடவைகூட நடக்காது. ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்தால் என்ன ஆகும் என்று தெரியாது. 25-ஐயும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். இந்தப் பார்வை வந்த பிறகு எனக்குத் தேர்வறையில் கை நடுங்குவது நின்றது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் நீக்கிய இரண்டும் உண்மையிலேயே தவறான விடைகளாக இருக்க வேண்டும். அது உங்களுக்கு எவ்வளவு கைவந்திருக்கிறது என்பதை மாக் டெஸ்ட்டில்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் செய்தது இதுதான். ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஓர் எழுத்து: நிச்சயம் என்றால் 'நி', இரண்டில் ஒன்று என்றால் 'பா', வெறும் ஊகம் என்றால் 'ஊ'. திருத்தும்போது மொத்த மதிப்பெண்ணைக் கூட்டுவதற்கு முன்பே, ஒவ்வொரு எழுத்துக்கும் எத்தனை சரி என்று தனித்தனியாக எண்ணுவேன். ஆண்டுகள், எண்கள் சார்ந்த கேள்விகளில் என் 'நி' அடிக்கடி தப்பியது. காரணம் கேட்கும் கேள்விகளில் என் 'பா' பாதிக்கு மேல் சரியாக வந்தது. இது தெரிந்ததும் என்ன படிப்பது, எங்கே துணிவது இரண்டும் தெளிவாகின. வானிலை முன்னறிவிப்பாளர்களும் இப்படித்தான் தங்களைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்: "70 சதவீதம் மழை" என்று சொன்ன நாட்களில் உண்மையில் எத்தனை நாள் பெய்தது என்று எண்ணுவார்கள். அதை அளக்க கிளென் பிரையர் என்ற வானிலை ஆய்வாளர் 1950-இலேயே ஒரு சூத்திரம் கொடுத்தார். நமக்குச் சூத்திரம் தேவையில்லை, பென்சில் போதும்.

தேர்வுக்கு முந்தைய பதற்றத்துக்கு ஒரு சின்ன வழி. ரமிரெஸ், பைலாக் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வு பயம் அதிகமுள்ள மாணவர்கள் தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம் தங்கள் பயங்களை எழுதியபோது நன்றாகச் செய்தார்கள். ஒரு துண்டுத்தாளில் 'இது வந்தால் என்ன செய்வேன்' என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு உள்ளே போங்கள்.

இனி ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் காலம். தேர்வைவிட இதுதான் பலரை உலுக்குகிறது. "ஃபெயில் என்றாவது சொல்லிவிட்டால் தேவலை" என்று சொல்லாதவர்கள் குறைவு. அப்படித் தோன்றுவது பலவீனம் இல்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஒரு சோதனையில் 45 பேர் கலந்துகொண்டார்கள். திரையில் வரும் கற்களுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று அவர்கள் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின் அதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் உண்டு என்று தெரிந்தபோது இருந்ததைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றபோதுதான் மன அழுத்தம் உச்சத்தில் இருந்தது. அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: நிச்சயமின்மை கூடக் குறைய, அழுத்தமும் அதற்கேற்ப ஏறி இறங்கியவர்கள்தான் பாம்பை நன்றாக ஊகித்தார்கள். மனம் பதறுவது அதன் வேலையைச் செய்வதால்தான். எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது.

காத்திருக்கும் நாட்களுக்கு என் யோசனைகள் நேரடியானவை. விடைக்குறிப்பு வந்ததும் ஒரு முறை சரிபார்த்து, உத்தேச மதிப்பெண்ணை ஒற்றை எண்ணாக வைக்காமல், 'இதிலிருந்து இதுவரை' என்று எழுதி மூடிவிடுங்கள். போன வருடக் கட் ஆஃபை வைத்து இந்த வருடத்தை முடிவு செய்யும் குழுக்களிலிருந்து விலகி இருங்கள். அங்கே யாருக்கும் உங்களைவிட அதிகம் தெரியாது. அப்புறம், ரிசல்ட் எப்படி வந்தாலும் வீணாகாத வேலை ஒன்றைக் கையில் எடுங்கள். அடுத்த கட்டத் தேர்வுக்கும் மறு முயற்சிக்கும் பொதுவான பாடம் ஏதாவது ஒன்று எல்லாத் தேர்விலும் இருக்கும். இன்னொரு முறை எழுதுவதா, வேலைக்குப் போவதா என்பதற்கும் ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். ரிசல்ட் தேதி நம் கையில் இல்லை, முடிவெடுக்கும் தேதி நம் கையில் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதே தவிப்புதான், அவர்களுக்கு நம்மைவிடக் குறைவாகத் தெரியும் என்பதால் சில சமயம் கூடுதலாகவே இருக்கும். "எப்போ வரும்?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தபோது நான் சொன்னது: "எனக்கும் தெரியாதும்மா. ஆனா அது வரைக்கும் நான் என்ன செய்யப்போறேன்னு சொல்றேன்." நான் குறித்து வைத்திருந்த தாளைக் காட்டினேன். மேலிருந்து கீழே படித்துவிட்டு, "சரி, யாராவது கேட்டா நான் இதையே சொல்லிடறேன்" என்றார். அதற்கப்புறம் அவர் கேட்டதெல்லாம் அந்தத் தாளில் இருந்ததைப் பற்றித்தான்.