சிங்கப்பூர் சரணடைவு: பழைய செய்திப்படங்களில் சரியான காட்சியைத் தேடி எடுத்த அனுபவம்

நண்பர் ஒருவர் எடுக்கும் ஆவணப்படத்துக்கு ஃபுட்டேஜ் தேடித் தரும் வேலை என்னிடம் வந்தது. சிங்கப்பூரில் ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரையிலான காலம்தான் படத்தின் களம். அந்தக் காலத்தை வாழ்ந்து கடந்த தமிழர்கள் முதுமையில் கொடுத்த பேட்டிகள் அவரிடம் இருந்தன. அவற்றுக்கு நடுவே போட அக்காலக் காட்சிகள் வேண்டும். யூடியூப்பில்தான் எல்லாம் கிடக்கிறதே என்று பலரும் சொன்னார்கள். கிடக்கிறதுதான். பழைய செய்திப்பட நிறுவனமான பிரிட்டிஷ் பாத்தே 2014-ல் 85,000 படங்களை மொத்தமாக அங்கே ஏற்றியது. அடுத்த ஆண்டு இன்னொரு செய்திப்பட நிறுவனமான மூவிடோனின் தொகுப்பும் வந்தது. ஆனால் பார்க்கக் கிடைப்பது வேறு, நம் படத்தில் போட அனுமதி கிடைப்பது வேறு. அதற்கும் முன்னால், பார்ப்பது உண்மையிலேயே அந்த நாளும் அந்த இடமும்தானா என்று தெரிய வேண்டும். என் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போனது. போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

செய்திப்படங்கள் எப்படித் தயாராயின என்று தெரிந்துகொண்ட பிறகுதான் தேடுவது சுலபமானது. வீட்டுக்கு வீடு டிவி வருவதற்கு முன், பிரிட்டனில் பாத்தே, மூவிடோன், காமான்ட் பிரிட்டிஷ், பாரமவுண்ட், யுனிவர்சல் என்று ஐந்து நிறுவனங்கள் வாரத்துக்கு இரண்டு முறை தியேட்டர்களுக்குப் புதுச் சுருள் வெளியிட்டன. ஏறக்குறைய பத்து நிமிடம் ஓடும். போர்முனை, பிரதமர் பேச்சு, குதிரைப் பந்தயம், நடிகையின் திருமணம் எல்லாம் ஒரே சுருளில் வரும். போர்க்காலத்தில் ராணுவப் படப்பிரிவு எடுத்ததும், நிறுவனங்களின் கேமராக்காரர்கள் எடுத்ததும் எல்லாருக்கும் பொதுவாகப் பகிரப்பட்டன. அதனால் ஒரே ஷாட் மூன்று நிறுவனங்களின் படங்களில் மூன்று விதமான வர்ணனையோடு வரும். அந்த வர்ணனையும் இசையும் பிற்பாடு லண்டனில் சேர்த்தவை. களத்தில் பெரும்பாலும் ஒலி இல்லாமல்தான் எடுத்தார்கள். ஆகவே ஒரு கிளிப்பைப் பார்த்ததும் நான் செய்யும் முதல் வேலை ஒலியை அணைப்பது. வர்ணனையாளரின் கம்பீரக் குரல் ஒலித்துக்கொண்டிருந்தால் கண் சரியாக வேலை செய்யாது.

எங்களுக்கு முக்கியமாக வேண்டியிருந்தது 1945-ல் ஜப்பானியர் சரணடைந்த காட்சி. அந்தச் சரணடைவு ஒரே நாளில் முடிந்த விஷயம் இல்லை. செப்டம்பர் 4 அன்று சிங்கப்பூர்க் கடலில் நின்ற எச்.எம்.எஸ். சசெக்ஸ் கப்பலில் ஜப்பானிய ஜெனரல் இட்டாகாகி கையெழுத்திட்டார். அது சிங்கப்பூருக்கான சரணடைவு. செப்டம்பர் 12 அன்று முனிசிபல் கட்டடத்தில், நேச நாடுகளின் தென்கிழக்கு ஆசியத் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் முன்னிலையில், தென்கிழக்கு ஆசியா முழுவதற்குமான சரணடைவு நடந்தது. இன்று நேஷனல் கேலரி இருக்கும் கட்டடம்தான் அது. அங்கேயும் கையெழுத்திட்டவர் இட்டாகாகியே. இட்டாகாகிக்கு மேலே இருந்த ஜப்பானியத் தலைமைத் தளபதி தெராவுச்சி உடல்நலமில்லாததால் வரவில்லை. அவர் தன் வாளை மவுண்ட்பேட்டனிடம் ஒப்படைத்தது நவம்பர் 30 அன்று, சைகோனில். இந்த மூன்றுமே "ஜப்பான் சரணடைகிறது" என்ற தலைப்பில் இணையத்தில் கலந்து கிடக்கின்றன.

பிரித்தெடுக்க நான் கையாண்ட வழி எளிமையானது. மவுண்ட்பேட்டன் வெள்ளைக் கடற்படைச் சீருடையில் நின்றால், சுற்றிலும் பெரிய தூண்கள் தெரிந்தால், அது முனிசிபல் கட்டடம். கப்பல் அறையில் அவர் இல்லை, கூரையும் தாழ்வாக இருக்கும். வெளிக்காட்சி என்றால் படிக்கட்டையும் எதிரே பாடாங் திடலையும் பார்த்துக்கொள்வேன். எங்களுக்குப் பிடித்த ஷாட் ஒன்றில் ஜப்பானிய அதிகாரிகள் காவலர்கள் சூழ நடந்து வருகிறார்கள். இருபுறமும் கூட்டம். ஓரத்தில் தலைப்பாகையோடு ஒருவர் முன்னால் நிற்பவரின் தோளைப் பிடித்து எட்டிப் பார்க்கிறார். சில நொடிதான், ஷாட் வெட்டிப்போகிறது. ஏன் இவ்வளவு சிறிய ஷாட் என்று எரிச்சலாக இருந்தது. அந்தக் காலத்துக் கையடக்க 35 மி.மீ. கேமராக்கள் பலவற்றில் 100 அடிச் சுருள்தான் போடுவார்கள். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும், அவ்வளவுதான். அதுவும் கையால் முறுக்கிவிடும் சுருள்வில்லில் ஓடுவது. அந்த மனிதரின் முகம் இத்தனை நொடியாவது நமக்குக் கிடைத்ததே என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்தது டோப் ஷீட். கேமராக்காரர் சுருளோடு அனுப்பும் குறிப்புத் தாள் அது. எந்தத் தேதி, எந்த இடம், எந்த ஷாட்டில் யார் இருக்கிறார்கள் என்று எழுதியிருப்பார். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் வெட்டப்படாத மூலச் சுருள்கள் இருக்கின்றன. தென்கிழக்கு ஆசியப் படப்பிரிவு எடுத்தவற்றின் எண் 'ஜே.எஃப்.யூ.' என்று தொடங்கும். தலைப்பை வைத்துத் தேடுவதைவிட இந்த எண்ணை வைத்துத் தேடுவது பல மடங்கு மேல். அருங்காட்சியகத்துக்கு எழுதும் கடிதத்திலும் எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டால் பதில் தெளிவாக வருகிறது. நான் படித்த குறிப்புகளில் தளபதிகளின் பெயரும் பதவியும் ஒழுங்காக இருந்தன. கூட்டத்தில் நின்றவர்கள் வெறும் 'உள்ளூர் மக்கள்'. எங்கள் படத்துக்கு வேண்டியது அவர்கள்தான்.

1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த காட்சி கிடைப்பதில் சிரமமில்லை. பிரிட்டிஷ் அதிகாரிகள், ஒருவர் கையில் வெள்ளைக்கொடி, இன்னொருவர் கையில் பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக் என்று புக்கிட் தீமாவிலிருந்த ஃபோர்டு தொழிற்சாலையை நோக்கி நடக்கும் படம் உலகப் பிரசித்தம். எடுத்தது ஜப்பானியர். அக்காலத்து 'நிப்பான் நியூஸ்' செய்திப்படங்களை ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. இணையத்தில் வைத்திருக்கிறது. நேதாஜியை நல்ல தெளிவில் பார்க்க விரும்புகிறவர்கள் ஜப்பானியப் பக்கம் தேடுவது நல்லது. இடையில் தெரிந்த ஒரு செய்தி: ஜப்பானியத் திரைப்பட மேதை ஓசு போரின் பிற்பகுதியில் ராணுவ உத்தரவில் சிங்கப்பூரில் இருந்தார். இந்திய விடுதலைப் போராட்டத்தைப் பற்றிப் படம் எடுக்கத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். போர் முடிந்ததும் எழுதியதையும் எடுத்ததையும் அழித்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. அதைப் படித்த அன்று மனசே சரியில்லை.

மலாயாத் தோட்டங்களிலிருந்து, ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் காட்சிதான் எனக்கு அகப்படவே இல்லை. பேட்டிகளில் மிகக் கனமான பகுதி அது. ஆள்கள் தண்டவாளம் போடும் ஏதாவது ஒரு பழைய கிளிப்பை வைத்து நிரப்பலாம் என்று யோசனை வந்தது. யாருக்கும் தெரியாது என்பதும் உண்மை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பேட்டி கொடுத்தவர் சொல்வது நடந்தது. அதன் மேல் வேறு யாருடைய உடம்பையோ ஒட்டிவைத்தால் அவருக்குச் செய்யும் துரோகம். அந்தப் பகுதிக்கு வரைபடமும் அவர் குரலும் போதும் என்று முடிவானது.

அப்புறம் உரிமம். விலை நொடிக்கணக்கில், ஆனால் நொடி மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. எந்த நாடுகளில் காட்டப்போகிறோம், விழாவிலா, டிவியிலா, ஓடிடியிலா, எத்தனை ஆண்டுக்கு என்பதைப் பொறுத்து மாறும். ஓர் உரிம முகவர் நாங்கள் திரைப்பட விழாவுக்கு மட்டும் கேட்டதற்கு உலகம் முழுவதற்குமான கட்டணத்தை அனுப்பிவைத்தார். தேவையை வரிவரியாக எழுதித் திருப்பி அனுப்பிய பிறகுதான் சரியான தொகை வந்தது. ஒரே ஷாட் பல நிறுவனங்களிடம் இருக்கும் என்பது இங்கேதான் கைகொடுத்தது. ஒப்பிட்டுக் கேட்க முடிந்தது. அமெரிக்காவின் யுனிவர்சல் செய்திப்படங்களைப் பொதுவுடைமையாக்கி அந்த நாட்டுத் தேசிய ஆவணக்காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கையில் காசு குறைவு என்றால் முதலில் அங்கே தேடுங்கள். முன்னோட்டப் பிரதியில் வாட்டர்மார்க்கும் டைம்கோடும் (ஓடும் நேரத்தைக் காட்டும் எண்) இருக்கும். அதை வைத்தே எடிட்டிங்கை முடித்துவிட்டு, கடைசியில் நிலைக்கும் நொடிகளுக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.

பணம் கட்டி வாட்டர்மார்க் இல்லாத மாஸ்டர் பிரதி வந்ததும் அகலத்திரைக்காகப் படத்தின் மேலும் கீழும் வெட்டலாமா என்று எடிட்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். மூலப்படம் 4:3. வெட்டினால் முதலில் போவது பின்வரிசையில் நிற்பவர்களின் தலைதான். இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு அப்படியே வைத்திருக்கிறோம். ஒலியில்லாத ஷாட்டுகளுக்குக் கைதட்டலோ துப்பாக்கிச் சத்தமோ சேர்க்கவில்லை. ஒவ்வொரு ஷாட்டின் மூலச் சுருள் எண்ணும் எடிட்டிங் கோப்பில் பதிவாகியிருக்கிறது, நாளை யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.