அறுபது வெள்ளி லென்சும் அத்தை வீட்டுத் தாழ்வாரமும்

கடைக்காரர் மீது இன்னும் கோபம் தீரவில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். சிங்கப்பூரில் பறவைப் படம் எடுக்க வாங்கிய 150-600 மி.மீ. கேமரா லென்ஸ், ஒரு நாள் வாடகை 60 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். திருப்பிக் கொடுக்க இருபது நிமிடம் தாமதமாம், மேலும் 15 வெள்ளியைப் பிடித்துக்கொண்டார். "வாருங்கள் தம்பி" என்று வாய் நிறைய வரவேற்ற அதே தமிழர்தான். அதை ரூபாயாக்கிக் கணக்குப் பார்த்தபிறகு அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அந்த லென்ஸில் கிடைத்தது என்ன? சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் அரைமணி நேரத்துக்கு வெறும் பால்வெள்ளைப் படங்கள். இரவெல்லாம் ஏசி அறையில் கிடந்த கண்ணாடி. வழியெல்லாம் ஏசி ரயில், ஏசி பஸ். கிராஞ்சிப் பக்கம் இறங்கி வெளிக்காற்று பட்டதும் லென்ஸுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. துடைக்கத் துடைக்கப் படிந்தது. கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வரும்வரை சும்மா நிற்க வேண்டியதுதான். அதற்குள் ஒரு தையல்சிட்டு ஐந்தடி தூரத்துப் புதரில் வந்து உட்கார்ந்து, வாலை நிமிர்த்திக்கொண்டு என்னைத் திட்டித் தீர்த்துவிட்டுப் பறந்துவிட்டது.

கண்ணாடி தெளிந்தது, கை சோர்ந்தது. இரண்டு கிலோவை முக்காலி இல்லாமல் ஏந்திக்கொண்டு சதுப்புநில மரங்களுக்குள் துள்ளும் விசிறிவால் குருவியைத் தேடிப் பாருங்கள், தெரியும். முழுக்க நெருக்கிக் காட்டும் 600 மி.மீ.யில் ஓர் இலைதான் சட்டத்துக்குள் நிற்கிறது. எந்தக் கிளை என்று கண்டுபிடிப்பதற்குள் குருவி அடுத்த மரத்தில். பத்து மணிக்கெல்லாம் தோள்பட்டை விட்டுப்போயிற்று.

மறுநாள் செலவே கூடாது என்று முடிவு செய்தேன். என் பழைய 55-250 லென்ஸ், 400 கிராம்கூட இல்லை. பையை இரவே ஏசி இல்லாத சமையலறையில் வைத்துவிட்டேன். இங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது. ரயிலில் போனாலே முதல் வெளிச்சம் கிடைத்துவிடும். தாவரவியல் பூங்காவுக்கு அனுமதி இலவசம், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே டிக்கெட்.

இஞ்சித் தோட்டத்தில் ஒரு ஹெலிகோனியாப் பூவுக்கு எதிரே நின்றுகொண்டேன். பறவையைத் துரத்தினால் ஓடிவிடும். பூவுக்குக் காவல் இருந்தால் அதுவே வரும். முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்க, இடது உள்ளங்கையில் லென்ஸ். நிழல் அதிகம், ஷட்டருக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வைத்ததும், கேமராவின் ஒளியுணர்திறனைக் காட்டும் ஐ.எஸ்.ஓ. 6400-க்கு ஏறியது. படத்தில் மணல்மணலாகப் புள்ளி விழும், விழட்டும். அசைவில் கலங்கிய படத்தை யாராலும் காப்பாற்ற முடியாது.

முதலில் வந்தது பெண் குருவி, மங்கலான ஆலிவ் நிறம். பின்னாலேயே ஆண். செந்நிறத் தேன்சிட்டு! அதிகாரபூர்வமாக அறிவிக்காவிட்டாலும் சிங்கப்பூர்க்காரர்கள் தங்கள் தேசியப் பறவையாகக் கொண்டாடுகிற சிட்டு இதுதான். என் நடுவிரலைவிடச் சற்றே நீளம், கழுத்தும் மார்பும் குங்குமம் கொட்டியதுபோல. பூவின் காம்பில் தலைகீழாகத் தொங்கி, வளைந்த அலகை உள்ளே விட்டு எடுத்தபோது அலகின் நுனியில் மகரந்தம் ஒட்டியிருந்தது. மூச்சை விட்டுக்கொண்டே அழுத்தினேன். நாற்பது படங்களில் மூன்று தேறின. அந்த மூன்றுக்காக இன்னொரு முறை விமானம் ஏறுவேன்.

அந்த மகிழ்ச்சியில் பக்கத்து ஆடம் ரோடு உணவு நிலையத்தில் நாசி லெமாக். தேங்காய்ப்பால் சோறு, மொறுமொறுவென்று நெத்திலி, இனிப்பும் காரமுமாகச் சம்பல். லென்ஸ் வாடகைக்கு இதைப் பத்துத் தட்டுக்கு மேல் சாப்பிட்டிருக்கலாம் என்ற நினைப்புத்தான் தொண்டையில் சிக்கியது.

ஈசூனில் நான் தங்கியிருந்த அத்தை வீட்டில் படத்தைக் காட்டினேன். அத்தை கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏனப்பா, இதே சாதியில் மஞ்சள் வயிற்றோடு ஒன்று நம் தாழ்வாரத்துக் காகிதப்பூச் செடியில் கூடு கட்டியிருக்கிறதே, பார்க்கவில்லையா?"

மூன்று நாட்களாக அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறேன். உள்ளே ஓடிக் கேமராவை எடுத்துக்கொண்டு வந்தேன். கேமரா ஏசி அறையில் இருந்தது. கண்ணாடி முழுக்கப் பனி.