மாத்தறையா, கோணேசபுரியா?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று எங்கள் வீட்டில் சண்டை வரவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை வரிசைப்படுத்த உட்கார்ந்தபோதுதான் வந்தது. தூரத்துக் கம்பசுக்குப் போவதா வேண்டாமா என்பதை, தெரிவுக் கடிதம் கைக்கு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தோம். அது பிழையான கணக்கு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இரண்டு மூன்று இடங்களை நீட்டி, பிடித்ததை எடு என்று கேட்பதில்லை. நாம் எழுதிய வரிசையை மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்து, பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் நம் இசட் புள்ளி எந்த இடத்துக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளியை, அதாவது வெட்டுப்புள்ளியை, முதலில் எட்டுகிறதோ அந்த ஒன்றைத் தருகிறது. போவதா இருப்பதா என்பதை விண்ணப்பத்தை அனுப்பும் நாளுக்குள் தீர்மானித்துவிட வேண்டும்.

நான் உயிரியல் பிரிவு. முதல் வரியில் மருத்துவம் எழுதினேன். கிடைக்காது என்று தெரியும், அம்மம்மாவுக்காக எழுதியது. உண்மையான போட்டி அதற்குக் கீழே இருந்தது. ஒன்று, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம். வளாகம் கோணேசபுரியில். எங்கள் வீடு இருக்கும் திருக்கடலூரிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம், மத்தியானச் சோற்றையும் கட்டிக்கொண்டு. மற்றது ருகுணுப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடியும் கடல்சார் விஞ்ஞானமும். மாத்தறையில் வெல்லமடம. தீவின் மறுமுனை.

டியூசன் ஆசிரியர் ஒருவர், "கிடைக்கக்கூடியதை மேலே போடு, ஆசைப்பட்டதைக் கீழே போடு" என்றார். எங்கள் வகுப்பில் பலர் அப்படியே செய்தார்கள். ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலைப் பொறுமையாக வாசித்தபோதுதான் அது தலைகீழ் என்று புரிந்தது. மேலே எழுதியது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். மேலே ஆசையை வைத்ததற்காகக் கீழே உள்ளது கைநழுவாது. ஆனால் கிடைக்கக்கூடியதை மேலே வைத்துவிட்டால் அதுவே கிடைத்து, கதை அங்கேயே முடிந்துவிடும். பெரும்பாலான பாடநெறிகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டப் பங்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்த 16 மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. முந்தைய ஆண்டின் எங்கள் மாவட்ட வெட்டுப்புள்ளிகளைப் பார்த்தபோது இரண்டும் எட்டும் தூரம் போலவே தெரிந்தது. அதனால்தான் தலைவலி. ஒன்று எட்டாமல் இருந்திருந்தால் வீட்டில் நிம்மதியாக உறங்கியிருப்போம்.

அம்மாவுக்குப் பயங்கள் பல. முதலாவது பகிடிவதை, அதாவது ராகிங். 1998ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்று சொன்னேன். "சட்டம் இருந்தால் ஏன் பிள்ளை இன்னும் பேப்பரில் வருகிறது?" என்றார். பதில் இல்லை. இரண்டாவது மொழி. விரிவுரை ஆங்கிலத்தில், கடைத்தெரு சிங்களத்தில். எனக்கு இரண்டுமே அரைகுறை. மூன்றாவதாக, கம்பஸ் கடலுக்கு எவ்வளவு பக்கம் என்று கேட்டார். 2004 சுனாமி எங்கள் கரையையும் அடித்தது, மாத்தறையையும் அடித்தது. அப்பா அப்போதுதான் முதல்முறை வாய் திறந்தார்: "எங்கள் வீட்டை விடப் பக்கமா?"

அப்பா கடல் தொழில் செய்பவர். தெற்கில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்தப் பக்கத்து மீனவர்கள் எங்கள் கரைக்கு வந்து வாடி, அதாவது தற்காலிகக் குடில், போடுவார்கள். இங்கே அப்போது கடல் அமைதியாக இருக்கும். வாடியில் பழகியே அப்பா சிங்களம் பேசக் கற்றார். அப்படி வருகிற மாத்தறைப் பக்கத்து முதலாளி ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, நெடுநேரம் பேசிவிட்டு என்னைப் பார்த்தார். "வா, போய்ப் பார்த்துவிட்டு வருவோம்."

இரவு ரயிலில் கொழும்புக் கோட்டைக்குப் போய், அங்கிருந்து கரையோர ரயிலில் மாத்தறைக்குப் போனோம். மொத்தத்தில் பாதி தூரம் நின்றுகொண்டுதான். வளாகம் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. குன்றுகளின் மேல் கட்டிடங்கள், கீழே கடல். அப்பா கட்டிடங்களைப் பார்க்கவே இல்லை. கடலைப் பார்த்து, "இந்தப் பக்கம் அலை வேறு மாதிரி உடைகிறது" என்றார். முதலாளியின் வீட்டில் சோறும் புளிப்பான மீன்கறியும் தந்தார்கள். அவருடைய மனைவி என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. அவசரம் என்றால் இங்கே வரச் சொல்கிறார் என்று அப்பா விளக்கினார். என்னைத் துணியவைத்தது அந்த ஒரு வீடு என்றுதான் இன்று நினைக்கிறேன். தூரம் குறையவில்லை, ஆனால் தூரத்தில் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது.

இதற்கிடையில் அம்மா பத்திரகாளி அம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்த்திருந்தார். போ என்று வந்ததாம். அதனால் அடுத்த வெள்ளி மறுபடி பார்த்தார்.

கடைசி நாள் இரவு மீன்பிடியைச் சித்தத்துக்கு மேலே ஏற்றி அனுப்பினேன். வெட்டுப்புள்ளி வெளியானபோது அதுவே கிடைத்தது. பிறகு சான்றிதழ்ப் பிரதிகளுக்குச் சமாதான நீதவானின் கையொப்பம், பத்திரங்களுக்காக அலைச்சல். ஓர் அலுவலகத்தில் ஒரே கடிதத்துக்கு 3 தடவை போனேன். அதைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும்.

இப்போது இரண்டாம் ஆண்டு. என் பள்ளித் தோழி கோணேசபுரியில் சித்தம் படிக்கிறாள். வீட்டைவிட்டு வெளியே ஒரு நாளும் இருந்ததில்லை என்று அவளுக்குக் குறை. அவளுடைய மத்தியானச் சோற்றுப்பொதிதான் எனக்குப் பொறாமை. இந்தத் தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் எனக்குப் பரீட்சை. அவள் எங்கள் வீட்டுக்குப் போய் அம்மாவுடன் பொங்கிவிட்டுப் படம் அனுப்பியிருந்தாள். ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொலைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.