ஓடை முதல் விழுந்த மரம் வரை

கோத்தகிரியில் இருட்டோடு எழுந்து லாங்வுட் சோலைக்குப் போய்ச் சேர்ந்தபோது தேயிலைச் சரிவில் மூடுபனி இன்னும் கலையவில்லை. ஏப்ரல் கடைசி, முந்தின நாள் கோடைமழை வேறு. வனத்துறை அனுமதி ஏற்கெனவே வாங்கியிருந்தேன். கூட வந்தவர் பல வருடமாக இந்தக் காட்டில் காவல் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். தேயிலை முடிகிற இடத்தில் நாலு எட்டு வைத்தால் சோலைக்குள் இருக்கிறோம். வெளிச்சம் சட்டென்று பாதியாகிவிடுகிறது. மரமெல்லாம் பாசி, காலடியில் ஈரச் சருகு, சாக்ஸில் அட்டை.

மொத்தமே சுமார் 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலையும் ஊர்களும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2024 ஜனவரியில் சேர்ந்த காடு இது.

நான் தேடி வந்தது நீலகிரி சோலைக்கிளியை. கிளி என்றதும் பச்சைக்கிளியை நினைக்க வேண்டாம். இது ஈப்பிடிப்பான் குடும்பத்துச் சின்னப் பறவை, 15 செ.மீ. இருக்கும். மேலே கரும் நீலம், விலாவில் செம்பழுப்பு, நடு வயிறு வெள்ளை, நீளமான கால்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உயரமான மலைகளில் மட்டும்தான் உண்டு. கணவாய்க்குத் தெற்கே கொடைக்கானல் பக்கம் இருப்பது இதன் உறவு, வெண்வயிற்றுச் சோலைக்கிளி. 2017இல் இரண்டுக்கும் சேர்த்து 'ஷோலிகோலா' என்று புதுப் பேரினப் பெயரே வைத்தார்கள். சோலையில் வாழ்வது என்று அர்த்தம். நம் 'சோலை' என்ற சொல் அறிவியல் பெயரில் இருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் நீலகிரிப் பறவை இன்று அருகிவரும் இனம்.

ஓடைப் பக்கம் முதல் சீழ்க்கை கேட்டதும் என் கை தானாகப் போனுக்குப் போனது. "சார், அதை உள்ள வைங்க. இது கூடு கட்டுற நேரம்" என்றார் அண்ணன். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம் முன்பு வேறொரு சோலையில் நான் இதன் பாட்டைப் போனில் ஒலிக்கவிட்டிருக்கிறேன். பறவை உடனே வந்தது, கிளைக்குக் கிளை தாவியது, விடாமல் பாடியது. நல்ல படம் கிடைத்ததென்று திரும்பிவிட்டேன். தன் இடத்துக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டதென்று அது பதறியிருக்கிறது. இரை தேட வேண்டிய காலை நேரத்தில், இல்லாத எதிரியோடு அதை மல்லுக்கட்ட வைத்தேன். இப்போதும் அதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

சரி என்று ஒரு பாறையில் உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம். பறவை கண்ணில் படவில்லை. காதுக்கு மட்டும் வந்துகொண்டே இருந்தது. பாடிய இடங்களை நோட்டில் குறித்தேன்: ஓடை ஓரப் பெரணிப் புதர், ஒரு நாவல் மரத்தடி, அப்புறம் விழுந்து கிடந்த பெரிய மரம். திரும்பத் திரும்ப இந்த மூன்றுதான். விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் இன்னொன்று பதில் பாடியது. இது நிறுத்தினால் அது, அது நிறுத்தினால் இது. வேலி கிடையாது, ஆனால் எல்லை எங்கே என்று இரண்டுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. சருகைக் கிளறிப் பூச்சி தின்னும் பறவைக்கு அந்தத் துண்டுத் தரைதான் குஞ்சுகளின் சாப்பாடு. சோலையைச் சுரண்டினால், அடுத்த துண்டு தேயிலைக்குள் கிடைக்காது.

திரும்பும் வழியில் அண்ணன் சட்டென்று என் தோளைத் தொட்டார். பத்தடி தூரத்தில், பாதையோர மண்திட்டில் ஒரு சோலைக்கிளி. அலகில் மீசை போலப் பாசி தொங்கியது. ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். இரண்டு தத்து, ஒரு நிதானம், வேருக்குக் கீழே இருந்த பொந்துக்குள் நுழைந்தது. வெளியே வந்தபோது அலகு காலி. மரப்பொந்திலோ இப்படி மண்திட்டிலோ பாசியும் நார்வேரும் வைத்துக் கட்டி, பெரும்பாலும் இரண்டே முட்டைதான் இடும். தரையிலிருந்து என் முழங்கால் உயரத்தில்கூட இல்லை அந்தப் பொந்து.

கேமராவை எடுக்கவில்லை. வந்த வழியே பின்வாங்கி, சுற்றிக்கொண்டு வெளியேறினோம். எந்தத் திட்டு என்று இங்கே எழுதப்போவதில்லை. ஜூன் முடிகிறவரை அந்தப் பாதையில் யாரையும் கூட்டிப் போகமாட்டேன் என்றார் அண்ணன்.