கண்டிப்புப் போதாது

‘கண்டிப்புப் போதாது.’ ஹாஸ்டல் வார்டன் வேலைக்கு வந்தவருடைய விண்ணப்பத்தின் ஓரத்தில் நான் எழுதியது இந்த ரெண்டே சொல்தான். எட்டு மாசம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் எத்தனையோ பேரை வேண்டாமென்று அனுப்பியிருக்கிறேன், ஒருத்தர் முகமும் ஞாபகத்தில் இல்லை. இவர் மட்டும் போகமாட்டேன் என்கிறார்.

வெள்ளகோவில் பக்கத்துக்காரர். 57 வயது. ஷார்ஜாவில் 24 வருசம். அதில் கடைசி ஒன்பது வருசம் அங்கே சஜா பக்கம் தொழிலாளர் கேம்பில் கேம்ப் பாஸ். அந்த ஊர் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: ஆட்கள் தங்கும் இடத்தில் தண்ணி வராததிலிருந்து அடிதடி வரைக்கும் அவர் தலையில்தான். எங்கள் பனியன் கம்பெனி ஹாஸ்டலுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பார்? அதையும் நான்தான் சொல்கிறேன்.

பேச்சுவாக்கில் கணக்குப் போட்டேன், தொழில் புத்தி. அங்கே சட்டப்படி முதல் 5 வருசத்துக்கு வருசம் 21 நாள், அதற்குமேல் வருசம் 30 நாள் அடிப்படைச் சம்பளம் கிராஜுவிட்டி. இவருக்கு 675 நாள் வரும். ரெண்டு வருசத்துக்கொருமுறை ரெண்டு மாசம் லீவு, பதினோரு தடவை வந்திருக்கிறார். ஊரில் இருந்தது 660 நாள். அந்த ரெண்டு எண்ணும் இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. கிராஜுவிட்டியில் பெரும்பகுதியைப் போட்டுத் தோட்டத்தில் போர் ஓட்டினாராம். 1,100 அடி. “வெறும் புகைதானுங் வந்துச்சு” என்று சிரித்தார்.

ஹாஸ்டலைக் காட்டக் கூட்டிப்போனேன். ஒன்றரை ஷிப்ட் நாள், பையன்கள் எல்லாரும் வேலையில். காய்ச்சலென்று ஒரு ஒடிசா பையன் மட்டும் கீழ்க்கட்டிலில் படுத்திருந்தான். அவன் கட்டிலைச் சுற்றி மறைப்பாக ரிஜெக்ட் ஆன நீலத் துணி. கட்டிங் வேஸ்ட்டைக் கயிறாகத் திரித்து மேல்கட்டில் கம்பியில் முடிந்திருந்தான். மற்றக் கட்டில்களில் முடிச்சு மட்டும் மிச்சம் இருந்தது. கட்டிலில் துணி கட்டக்கூடாதென்று முந்தின வாரம்தான் நோட்டீஸ் ஒட்டியிருந்தேன். இவர் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்து இந்தியில் ஏதோ கேட்டார். அவனும் சொன்னான், ரெண்டு பேரும் சிரித்தார்கள். (நம் ஆட்களுக்கு அங்கே அரபி வருகிறதோ இல்லையோ, ஆறு மாசத்தில் இந்தி வந்துவிடும். எனக்கும் வரும். ஆதார் கார்டு கேட்கிறதோடு சரி.)

அப்புறம்தான் அந்தப் பேச்சு.

“ஏனுங் சார், துணியக் கழட்டச் சொன்னது யாருங்?”

“நாந்தானுங். ஆடிட் வருது. நெருப்புப் புடிச்சா ஆபத்து, துணி வாங்குற பையர் ஒத்துக்கமாட்டான்.”

“அங்கயும் சிவில் டிபென்ஸ்காரங்க வருவாங்க. வர்ற அன்னிக்கு மட்டும் கழட்டி வெச்சுக்குவோம்.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்க வெளிநாட்டுல இருந்தீங்களா?” என்றார்.

சற்று முன்னால் என் வாயில் ‘பெட்ஸ்பேஸ்’ என்று வந்திருக்க வேண்டும்; ஒரு கட்டில் இடத்தை மட்டும் வாடகைக்கு எடுப்பதற்கு அங்கே அதுதான் பேர். “ஷார்ஜாவுலதானுங், ரோலாவுல, 14 வருசமுங்” என்றேன்.

“அட! அப்பறம் என்னங் தம்பி, நீங்களே கழட்டச் சொல்றீங்?”

“அங்க இருந்தாப்ல, இங்கயும் அப்படியே உட்றதுங்களா?”

பையன் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். “சரிங் சார்.”

தம்பி என்று கூப்பிட்டது அந்த ஒரே தடவைதான்.

ரோலாவில் எங்கள் அறையில் ஆறு பேர். என் கட்டிலைச் சுற்றி இருந்தது வீட்டுக்காரியின் நைலக்ஸ் சேலை, ஊதாப்பூப் போட்டது. நாட்டுச்சர்க்கரையும் பருப்புப்பொடியும் வைத்த அட்டைப்பெட்டிக்குள் ஆடாமல் இருக்கச் சுற்றிக்கொடுத்தாள். டியூப்லைட் பக்கம் வெளுத்து, என் பக்கம் மட்டும் பூ அப்படியே இருந்தது. 2003-ல் திர்ஹம் பன்னிரண்டரை ரூபாய் சொச்சம். ஒரு டீ குடித்தாலும் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். நாலைந்து வருசத்தில் பெருக்குவது நின்றுபோனது. எப்போது நின்றதென்று தெரியவில்லை. போன் கார்டு காலத்தில் காசு ஓடுகிறதே என்று விசயத்தை மட்டும் பேசுவோம்: மாடு கன்னு போட்டதா, அம்மாவுக்கு மாத்திரை இருக்கிறதா. இவர் இருந்த கடைசி வருசங்களில் வாட்ஸ்அப் கால் அங்கே போகாது, போட்டிம் என்கிற ஆப்பில்தான் பேசுவாராம். போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு வீட்டம்மா சமைப்பார்களாம், இவருக்கு மணிக்கணக்காகத் தாளிக்கிற சத்தம் மட்டும். “பேச ஒண்ணும் இருக்காதுங், ஆனா கட் பண்ண மனசு வராது.”

லீவில் வந்தால் நோம்பிக்கு வந்த ஒறம்பரை மாதிரி. இலை போட்டுப் பரிமாறுவார்கள். மூன்றாவது லீவில் என் மகள் என்னிடமே “நீங்க எப்பங் போவீங்க?” என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

சரி, வேலைக்கு வருகிறேன். நான் செய்தது தப்பா? நெருப்புப் பயம் பொய்யில்லை. நைலக்ஸ் பற்றினால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். எட்டுப் பேர் படுக்கிற அறையில் பாதி ராத்திரி கரண்ட் கோளாறு ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் நான். ஆடிட் அன்றைக்கு மட்டும் கழற்றுவோம் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். வார்டன் கம்பெனி பக்கம் நிற்க வேண்டும், இவர் பையன்கள் பக்கம் நிற்பார். ஆக, எழுதியது உண்மை.

ஆனால் அதற்காகத்தான் எழுதினேனா என்றால் எனக்கே நிச்சயமில்லை. 2017-ல் இந்தக் கம்பெனிக்கு வந்த புதிதில் எதற்கெடுத்தாலும் “அங்கெல்லாம் இப்படி, அங்கெல்லாம் அப்படி” என்பேன். செக்கிங் பெண்கள் எனக்கு ‘அங்கெல்லாம் சார்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். வெட்கமாகப் போய்ப் பேச்சையே விட்டேன். ஏழெட்டு வருசமாக யாருக்கும் அது ஞாபகமில்லை. இவர் தினமும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து தம்பி, தம்பி என்று சஜா கதை சொன்னால்? அந்தப் பயத்தில் எழுதினேன் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். இல்லையென்றும் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காய்ச்சல்காரப் பையன் துணியைக் கழற்றவில்லை என்று அப்போதே பார்த்துவிட்டேன். அன்றைக்கு அவனை ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் என் கண்டிப்பு மட்டும் எந்த அழகு?

அந்த வேலைக்கு இப்போது 28 வயசுப் பையன் இருக்கிறான். சுறுசுறுப்பு. ஆடிட் நல்லபடியாக முடிந்தது. போன வாரம் ராத்திரி பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் ஏழு போட்டோ அனுப்பினான்: ஏழு கட்டில், ஏழு துணி, ஒவ்வொன்றுக்கும் கட்டில் நம்பர். ‘சார், நாளைக்கு ஃபைன் போட்டுரலாங்களா?’ என்று கீழே கேட்டிருந்தான். நாலாவது போட்டோவில் இருந்தது துணியில்லை, சேலை. வீட்டிலிருந்து வந்ததாக இருக்கும்.

பார்த்துவிட்டேன் என்று அவனுக்கு ரெண்டு டிக்கும் நீலமாகியிருக்கும். இன்னும் பதில் போடவில்லை.