தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் மாடிப்படிக்கு கேட்

பிள்ளைகள் படியேறுவதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்; இறங்கக் கற்பதற்குப் பல மாதம் கூடுதலாக ஆகிறது. முட்டி போட்டு நாலைந்து படி ஏறிவிடும் பிள்ளை, மேலே போனதும் திரும்பத் தெரியாமல் தலைகுப்புற வரும். ஆனால் பல வீடுகளில் கீழே ஒரு ஸ்டூலைக் குறுக்கே போட்டுவிட்டு மேல்முனையைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். முதலில் அடைக்க வேண்டியது மேல்முனையைத்தான். அதுவும் பிள்ளை தவழத் தொடங்கும் முன்பே, ஆறாம் மாதத்தை ஒட்டி.

ஸ்க்ரூ இல்லாமல் இரு சுவருக்கும் இடையே இறுக்கி நிறுத்தும் ரெடிமேட் கேட் மேல்முனைக்கு ஆகாது. பிள்ளை சாய்ந்து தள்ளத் தள்ள அது தளரும். போதாக்குறைக்கு அதன் அடியில் தரையோடு ஒரு குறுக்குக் கம்பி ஓடும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்குகிறவர் கால் தடுக்கினால் இரண்டு பேரும் விழுவார்கள். அந்த வகை கேட்டைக் கீழ்முனையில் மட்டும் வையுங்கள்.

மதுரையில் மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் படி ஒடுக்கமாகவும் செங்குத்தாகவும் இருக்கும். கடை கேட் பல இடங்களில் பொருந்தாது. பக்கத்து வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்வதே நல்லது. உயரம் 30 அங்குலம். கம்பிகள் எல்லாம் செங்குத்தாக, இடைவெளி இரண்டரை அங்குலத்துக்குள். தரைக்கும் கேட்டுக்கும் நடுவே இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மேலே ஈட்டி முனை, பூ வேலைப்பாடு எதுவும் வைக்கச் சொல்லாதீர்கள். சட்டை மாட்டும், பாதம் வைக்க இடமாகும். கேட் படியின் பக்கம் திறக்கவே கூடாது, அறைப் பக்கமாகத்தான் திறக்க வேண்டும். தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாத பக்கத்தில், பெரியவர் ஒரே கையால் தூக்கித் திறக்கும்படி இருக்கட்டும். இரண்டு கை தேவைப்படும் தாழ்ப்பாளை யாரும் பூட்ட மாட்டார்கள், சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறைய உறவினர் வந்திருக்கும்போது சொல்லவே வேண்டாம்.

பெயின்ட் வாங்கும்போது ஈயம் 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்று டப்பாவில் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பல் முளைக்கிற பிள்ளை மேல் கம்பியைக் கடிக்காமல் விடாது.

சுவரில் மாட்டுவதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. பூச்சு அரை அங்குலம்தான் இருக்கும். ஒரு அங்குல ஸ்க்ரூவில் பாதி பூச்சிலேயே நின்றுவிடும், சில வாரத்தில் கேட் ஆடும். இரண்டு அங்குலத்துக்குக் குறையாத ஸ்க்ரூவும், அது பிடிக்கத் துளையில் செருகும் பிளக்கும் செங்கல்லுக்குள் போக வேண்டும். இரண்டு செங்கல் சேரும் கலவைக் கோட்டில் துளை விழுந்தால் இடத்தை மாற்றுங்கள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் கைப்பிடி என்றால், பைப்போடு கனமான மரச்சட்டத்தை யூ கிளாம்ப் போட்டு இறுக்கி அதில் தாழ்ப்பாளை மாட்டலாம்.

அந்த எஸ்எஸ் கைப்பிடியையும் பாருங்கள். புதிய வீடுகளில் அழகுக்காகப் பைப்பைப் படுக்கையாக ஓட்டுகிறார்கள். பிள்ளைக்கு அது ஏணி. நாலு அங்குல விட்டமுள்ள டப்பாவை இடைவெளியில் விட்டுப் பாருங்கள். அது நுழைந்தால் பிள்ளையின் உடம்பும் நுழையும், தலை மாட்டிக்கொள்ளும். பிள்ளை நிற்கும் பக்கத்தில் பாலிகார்பனேட் ஷீட்டைத் தரைவரை இறக்கி மாட்டுவது நல்லது. வலை கட்டினால் அரை அடிக்கு ஒரு கட்டு போட்டு இழுத்துக் கட்டுங்கள். கயிற்று நுனி எதுவும் தொங்கக் கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

சக்கரம் வைத்து உட்கார வைக்கும் வாக்கர் மாடி வீட்டில் வேண்டவே வேண்டாம். நொடிக்கு மூன்றடிக்கு மேல் ஓடும், பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பிடிப்பதற்குள் படியில் கவிழ்ந்துவிடும். கனடாவில் 2004இல் அதைத் தடையே செய்துவிட்டார்கள்.

கேட் இருந்தாலும் இறங்கப் பழக்க வேண்டும். கீழ் கேட்டை மூன்றாம் படியில் வைத்தால் முதல் இரண்டு படி பயிற்சிக்குக் கிடைக்கும். அங்கே பாய் போட்டு, பிள்ளையைக் குப்புறத் திருப்பி, காலை முதலில் கீழே விடச் சொல்லிக் கூடவே இருங்கள்.

விழுந்துவிட்டால் உலுக்காதீர்கள். மயக்கம், வலிப்பு, மறுபடி மறுபடி வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், காது மூக்கில் தண்ணீர்போல் அல்லது ரத்தமாக வடிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108. மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். கழுத்து அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை கேட்டில் ஏறித் தாண்டவோ தாழ்ப்பாளைத் திறக்கவோ கற்றுக்கொண்ட நாளே, பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டி, அதைக் கழற்றிவிடுங்கள். கேட்டின் உச்சியிலிருந்து விழுவது படியிலிருந்து விழுவதைவிட மோசம்.