யூனிட்டுக்கு 5.9 பென்ஸ்

வட அயர்லாந்தில் கோழிப் பண்ணைகளுக்கும் சின்னச் சின்ன ஹோட்டல்களுக்கும் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். ஊரிலிருந்து பேசும்போதெல்லாம் சித்தப்பா மகன் கேட்பான்: "அண்ணே, கோழிக் கொட்டகைக்குச் சூடு போட்டதுலயா உங்க அரசாங்கம் கவுந்துச்சு?" ஆமாம் என்றால் சிரிக்கிறான். சரி, ஒருமுறை முழுசாக எழுதிவிடுகிறேன்.

எண்ணெயும் எல்.பி.ஜி.யும் எரிப்பதை விட்டு மர பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகள்) எரிக்கும் பாய்லருக்கு மாறும் வியாபாரிகளுக்கு அரசு பணம் தரும் திட்டம் இங்கே 2012 நவம்பரில் வந்தது. ஆர்.எச்.ஐ. (Renewable Heat Incentive, புதுப்பிக்கத்தக்க வெப்பத்துக்கான ஊக்கத்தொகை) என்பார்கள். பாய்லர் வாங்கும்போது கையில் ஒன்றும் வராது. பாய்லரிலிருந்து வரும் வெப்பத்தை மீட்டர் அளக்கும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 20 வருடத்துக்குப் பணம் வரும். எரிக்க எரிக்கக் காசு.

பிரிட்டனில் இதே திட்டம் ஒரு வருடம் முன்பே தொடங்கியிருந்தது. அதன் விதிகளைத்தான் இங்கே பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே சின்ன பாய்லர்களுக்கு ஒரு தடுப்பு இருந்தது: வருடத்தில் 1,314 மணி நேரம், அதாவது 15 சதவீத நேரம், முழு வேகத்தில் ஓடினால் எவ்வளவு வெப்பம் வருமோ அதுவரைதான் நல்ல விலை. அதைத் தாண்டினால் விலை மளமளவென்று இறங்கிவிடும். அந்தத் தடுப்பு இங்கே வரும்போது காணாமல் போயிருந்தது.

மிச்சம் வெறும் கணக்கு. 20 முதல் 99 கிலோவாட் வரையிலான பாய்லருக்கு அரசு தந்தது யூனிட்டுக்கு 5.9 பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்ட்). அந்த விலையை நிர்ணயித்தபோது கணக்கில் வைத்த பெல்லட் செலவு சுமார் 4.4 பென்ஸ். தருகிற பணம் எரிபொருள் விலையைவிட அதிகம், உச்சவரம்பும் கிடையாது. ஜன்னலைத் திறந்துவைத்து எரித்தாலும் லாபம்தான். இதைப் புரிந்துகொள்ள என்னைப் போன்ற கணக்குப்பிள்ளைகூடத் தேவையில்லை.

இன்னொரு கூத்து 99 என்ற எண். 100 கிலோவாட்டைத் தொட்டால் விலை 1.5 பென்ஸ் ஆகிவிடும். அப்புறம் யார் பெரிய பாய்லர் வாங்குவார்கள்? 300 கிலோவாட் தேவைப்படும் இடத்தில் மூன்று 99-ஐ வரிசையாக நிறுத்தினார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் பண்ணைக்காரர்கள் யாரும் காசுக்காகக் காலிக் கொட்டகையைச் சூடாக்கவில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு முதல் சில நாட்கள் 30 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கொட்டகைக்குள்ளேயே கேஸ் எரித்தால் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து வந்து, தரையில் விரித்த மரத்தூள் நசநசக்கும், குஞ்சின் கால் புண்ணாகும். பாய்லரில் காய்ந்த வெந்நீர் குழாயில் ஓடினால் காற்று உலர்வாக இருக்கும். மானியம் இல்லாவிட்டாலும் யோசிக்க வேண்டிய விஷயம்தான் அது.

மின்சாரமும் வெப்பமும் மிச்சம் பிடிக்கும் கருவி விற்ற ஒரு பெண்மணி 2013-லேயே அமைச்சகத்துக்கு எழுதினார்: யாருக்கும் வெப்பத்தை மிச்சம் பிடிக்கும் ஆசையே இல்லை, அதிகம் எரித்தால் அதிகம் கிடைக்கிறதே என்று. நேரில் போயும் சொன்னார். மக்கள் அப்படிச் செய்வார்கள் என்று அதிகாரிகள் நம்பவில்லையாம். கடைசியில் 2015 நவம்பரில் தடுப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும், அதற்கு முந்தைய சில வாரங்களில் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. திட்டத்தின் மொத்த பாய்லர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். அதில் 900-க்கு மேல் அந்த நெரிசலில் வந்தவை.

2016 பிப்ரவரி கடைசியில் கதவைச் சாத்தினார்கள். 20 வருடத்தில் 49 கோடி பவுண்ட் வரை கூடுதல் செலவாகும் என்று மதிப்பிட்டார்கள். திட்டம் வந்தபோது துறை அமைச்சராக இருந்த ஆர்லீன் ஃபாஸ்டர் அப்போது முதல் அமைச்சர். அவர் ஒதுங்கி நிற்க மறுக்க, 2017 ஜனவரி 9-ல் துணை முதல் அமைச்சர் மார்ட்டின் மெகின்னஸ் பதவி விலகினார். ஒருவர் போனால் மற்றவரும் நிலைக்க முடியாத அதிகாரப் பகிர்வு ஆட்சி இது. வேறு சண்டைகளும் சேர்ந்துகொள்ள, மூன்று வருடம் அரசே இல்லை. முன்னாள் நீதிபதி பேட்ரிக் காக்லின் விசாரித்து 2020 மார்ச்சில் 319 முடிவுகளோடு அறிக்கை தந்தார். ஊழலோ கெட்ட நோக்கமோ காரணமில்லை, தவறுமேல் தவறு என்றார். எனக்கு அது ஊழலைவிட மோசமாகப் படுகிறது. ஊழல் என்றால் யாரையாவது பிடிக்கலாம்.

எனக்கு ஆத்திரம் அடுத்து நடந்ததில்தான். 20 வருட வாக்கை நம்பி வங்கியில் கடன் வாங்கியவர்களுக்கு 2017-லும் 2019-லும் பணத்தை வெட்டினார்கள். 99 கிலோவாட் பாய்லருக்கு வருடம் 13,000 பவுண்ட் வரை வந்தது 2,000 பவுண்ட் அளவுக்கு இறங்கியது. பாய்லர்காரர்கள் 2017 வெட்டை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. காலிக் கொட்டகைக்காரனுக்கும் குஞ்சு வளர்த்தவனுக்கும் ஒரே கத்தரி.

இப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சின்ன பயோமாஸ் (மரம் போன்ற எரிபொருள்) பாய்லர் போட்டால் ஒரே தடவையாக 5,000 பவுண்ட் தருகிறார்கள், யூனிட் கணக்கு கிடையாது. எரிபொருள் செலவு வாங்கியவன் தலையில். யாராவது புது மானியத் தாளோடு என்னிடம் வந்தால், பணம் எப்போது வரும், எதை அளந்து வரும் என்ற இரண்டு வரிகளைத்தான் முதலில் தேடுகிறேன்.